டிரைவர் பழையதாகிவிட்டதால்தான் கணினி முடங்குகிறதா?

நண்பர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் தொகுத்துக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி. விண்டோஸ் 10-இலிருந்து விண்டோஸ் 11-க்கு மாற்றிய பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நீலத் திரை காட்டி நின்று, தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது. மூடி வைத்துவிட்டுத் திரும்பத் திறக்கும்போதோ, ஷட் டவுன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போதோதான் பெரும்பாலும் இப்படி நடக்கிறது. 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெய்லியர்' என்ற வரியை ஒருமுறை படிக்க முடிந்திருக்கிறது. (வைஃபை, கீபோர்டு போன்ற கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் சிறு நிரலைத்தான் பெரும்பாலும் டிரைவர் என்கிறோம்.) பழுதுபார்க்கும் கடைக்காரர் "டிரைவர் எல்லாம் பழசு, ஃபார்மட் பண்ணிவிடலாம்" என்கிறார். இன்னொருவர் பரிந்துரைத்த டிரைவர் அப்டேட் மென்பொருளோ பதினேழு டிரைவர்கள் காலாவதியாகிவிட்டன என்று பட்டியல் போட்டு, ஆண்டுச் சந்தா கட்டச் சொல்கிறது. இந்த இருவரில் யாருக்குப் பணம் கொடுப்பது என்பது கேள்வியின் மேற்புறம். அதற்குள் இருப்பது வேறு: பழைய டிரைவரால் கணினி முடங்குமா, அப்படியானால் எல்லாவற்றையும் புதுப்பித்துவிட்டால் முடக்கம் நின்றுவிடுமா? முதலாவதற்கு 'சில சூழல்களில் ஆம்' என்பதும், இரண்டாவதற்கு 'தேவையில்லை, சில வேளை கெடுதலும் உண்டு' என்பதும் என் விடைகள். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகங்களைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவருகிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். உங்கள் கணினியை நான் நேரில் பார்க்கவில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றிய பயத்தை முதலில் போக்கிவிடலாம். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய டிரைவர், தேதி பழையதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் இன்று கெட்டுப்போவதில்லை. கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, கீபோர்டு போன்ற எளிய கருவி ஒன்றின் டிரைவர் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 21-6-2006 என்றிருக்கும். கணினி வாங்கியதற்குப் பல ஆண்டுகள் முந்தைய தேதி அது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸோடு சேர்த்துத் தரும் தன் சொந்த டிரைவர்களுக்கு வேண்டுமென்றே இந்தத் தேதியை இட்டுவைத்திருக்கிறது. ஒரு கருவிக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால் விண்டோஸ் தேதியைப் பார்த்துப் புதியதைத் தேர்ந்தெடுக்கும். கருவியைத் தயாரித்தவர் கொடுத்த டிரைவரே வெல்ல வேண்டும் என்பதற்காகத் தன்னுடையதைப் பின்தள்ளி வைக்கிற ஏற்பாடு இது. உள்ளே இருக்கும் நிரல் அதற்குப் பிறகு பலமுறை மாறியிருக்கக்கூடும். தேதி மட்டும் அப்படியே நிற்கும். தேதியை மட்டும் பார்த்துக் கணக்கெடுக்கும் மென்பொருள் இவற்றையும் காலாவதிப் பட்டியலில் சேர்த்துவிடலாம். உங்களுக்குக் காட்டப்பட்ட பதினேழில் எத்தனை அப்படிப்பட்டவை என்பதைப் பட்டியலைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த எண்ணிக்கைக்கும் உங்கள் நீலத் திரைக்கும் தொடர்பு இருந்தாக வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

ஆனாலும் கடைக்காரர் டிரைவரைச் சந்தேகித்ததில் நியாயம் இருக்கிறது. நாம் பயன்படுத்தும் பிரவுசரோ வேர்டோ தவறு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பெரும்பாலான டிரைவர்களோ விண்டோஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே, அதே அதிகாரத்தோடு ஓடுகின்றன. அங்கே ஒரு டிரைவர் தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தைத் தொட்டாலோ, பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் தொங்கினாலோ, மேற்கொண்டு ஓடினால் கோப்புகள் சிதைந்துவிடும் என்று கருதி விண்டோஸ் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. நீலத் திரை என்பது அப்படித் தெரிந்தே செய்யப்படும் நிறுத்தம். விண்டோஸ் 11-இன் அண்மைப் பதிப்புகளில் 2025 முதல் அது கறுப்பு நிறத்தில் வருகிறது. நிறம்தான் வேறு, பொருள் ஒன்றே. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியில் பதிவான முடக்கங்களில் 85 விழுக்காடு டிரைவர்களால் வந்தவை என்று குறிப்பிடுகிறது. இந்த எண்ணை இன்றும் பலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அதை இன்றைய கணினிக்கு அப்படியே பொருத்துவது சரியன்று. விஸ்டாவின் 64 பிட் பதிப்பிலிருந்து கர்னல் டிரைவர்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமானது. கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டு விநாடிக்குள் பதில் தராவிட்டால் அதை மட்டும் மீண்டும் தொடங்கிப் பார்க்கும் ஏற்பாடும் விஸ்டாவில்தான் வந்தது. திரை ஒரு கணம் இருண்டு திரும்ப வருகிறதே, அது பெரும்பாலும் இந்த ஏற்பாட்டின் வேலை. அன்று முடக்கமாக முடிந்திருக்கக்கூடிய சில பிழைகள் இன்று வெறும் மினுக்கலாகக் கடந்துபோகின்றன.

அப்படியானால் பழைய டிரைவர் எப்போது உண்மையிலேயே குற்றவாளி ஆகிறது? அது மாறாமல் இருக்க, அதைச் சுற்றியிருப்பவை மாறும்போது. உங்கள் கதையில் இதற்கான தடயம் தெளிவாகவே இருக்கிறது: முடக்கம் தொடங்கியது விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு. அப்படி மாற்றும்போது விண்டோஸ் 10 காலத்து டிரைவர்களில் பல அப்படியே புதிய வீட்டுக்கும் கூட வந்துவிடும். தூக்க நிலைக்குப் போவது, விழிப்பது, மின்சாரத்தை மிச்சப்படுத்துவது ஆகியவற்றைப் புதிய விண்டோஸ் சற்று வேறு ஒழுங்கில் கேட்கும்போது, பழைய டிரைவரில் அதுவரை வெளிப்படாமல் கிடந்த ஒரு பிழை வெளியே வரக்கூடும். நீங்கள் படித்த வரியும் இதோடு ஒத்துப்போகிறது. மின்நிலையை மாற்றிக்கொள்ளும்படி விண்டோஸ் அனுப்பிய ஆணையை ஏதோ ஒரு டிரைவர் முடித்துத் தராமல் வைத்திருந்தது என்பதே அந்தப் பிழைச் செய்தியின் பொருள். அதனால்தான் இந்த வகை முடக்கம் மூடியை இறக்கிய உடனே வராமல், திரை இருண்டு, விசிறி ஓடிக்கொண்டே இருந்து, சில நிமிடங்கள் கழித்து வரும். இதில் வைஃபை டிரைவர்மீதுதான் என் சந்தேகம் முதலில் விழும். அடுத்து கிராஃபிக்ஸ், பிறகு யுஎஸ்பி-யில் செருகப்பட்ட ஏதாவது ஒன்று. இந்த வரிசை என் அனுபவத்திலிருந்து எழும் ஊகம்தான். ஆதாரம் உங்கள் கணினியிலேயே கிடைக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வகை டிரைவரைச் சொல்லியாக வேண்டும். எல்லா டிரைவரும் ஒரு கருவிக்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. ஆன்டிவைரஸ், விபிஎன், கணினி வாங்கும்போதே கூட வந்த 'வேகப்படுத்தும்' மென்பொருள், விசிறி வேகத்தையோ விளக்கு நிறத்தையோ கட்டுப்படுத்தும் துணை மென்பொருள் ஆகியவையும் கர்னலுக்குள் தங்கள் டிரைவர்களை வைக்கின்றன. வலைப்பின்னல் வழியாகவோ கோப்பு வழியாகவோ போகும் ஒவ்வொன்றையும் இடையில் நின்று பார்ப்பது அவற்றில் சிலவற்றின் வேலை. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்த பிறகும் இவை தங்கிவிடுவது உண்டு. சோதனைக் காலம் முடிந்த ஒரு ஆன்டிவைரஸை நீக்கிவிட்டு வேறொன்றைப் போட்ட கணினிகளில், முதலாவதின் மிச்சமும் இரண்டாவதும் ஒரே வழியில் நின்று மோதிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவைஸ் மேனேஜரின் வழக்கமான பட்டியலில் இவை பெரும்பாலும் தெரிவதில்லை; கருவிகளை மட்டும் எண்ணும் அப்டேட் மென்பொருளின் கண்ணிலும் படாமல் போகலாம். இத்தகைய மிச்சங்களை அகற்றுவதற்கென்று பெரிய ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தனி நீக்கும் கருவிகளைத் தங்கள் தளங்களில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. உங்கள் கணினியில் பழைய ஆன்டிவைரஸோ விபிஎன்னோ இருந்ததுண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தது என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதன் மிச்சத்தை நீக்குங்கள்.

இனி, எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்கும் வழி. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்பது வரும். விண்டோஸில் இருக்கும் நல்ல கருவிகளில் ஒன்று இது; ஏனோ இதை யாரும் திறப்பதில்லை. நாள் நாளாக ஒரு அட்டவணை காட்டும். முடங்கிய நாள்களில் சிவப்புக் குறி இருக்கும். அதே அட்டவணையில் எந்த நாளில் எந்த மென்பொருளும் எந்த அப்டேட்டும் ஏறின என்பதும் இருக்கும். முதல் சிவப்புக் குறிக்கு முந்தைய ஒரு வாரத்தில் என்ன மாறியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அப்போது நீலத் திரை நீங்கள் படித்து முடிக்கும்வரை நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். சில வேளைகளில் 'வாட் ஃபெயில்டு' என்ற சொற்களுக்கு எதிரே ஒரு கோப்பின் பெயரும் அங்கேயே இருக்கும்.

அந்தப் பெயர் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒவ்வொரு முடக்கத்தின்போதும் விண்டோஸ் ஒரு சிறு பதிவை, சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'மினிடம்ப்' என்ற கோப்புறையில் எழுதிவைக்கும். டிஸ்க் கிளீனப் போன்ற துப்புரவுக் கருவிகள் இவற்றை அழித்துவிடும் என்பதால், இந்தப் பிரச்சினை தீரும்வரை அவற்றை ஓட்டாதீர்கள். பதிவுகளைப் படிக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் 'வின்டிபிஜி' என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. பதிவைத் திறந்தவுடன் அதுவே காட்டும் 'அனலைஸ்' இணைப்பைச் சொடுக்கினால் நீண்ட அறிக்கை வரும். அதில் 'மாட்யூல் நேம்', 'இமேஜ் நேம்' என்ற இரண்டு வரிகள் போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் கர்னலின் சொந்தக் கோப்பான 'என்டிஓஎஸ்கர்னல்' (ntoskrnl) என்ற பெயர் அடிக்கடி வரும். அதைப் பார்த்துவிட்டு விண்டோஸே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. நிறுத்தச் சொல்லி அறிவித்தது அந்தக் கோப்பு என்பதைத் தாண்டி அந்த வரிக்குப் பெரும்பாலும் பொருளில்லை. திருட்டைப் பார்த்துக் கூச்சல் போட்டவனைப் பிடித்து உள்ளே வைப்பதைப் போன்றது அது.

ஒரே ஒரு பதிவை நம்பியும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரு டிரைவர் அடுத்தவரின் நினைவக இடத்தில் கிறுக்கிவிட்டுப் போக, பிறகு அந்த இடத்தைப் படிக்க வந்த குற்றமற்ற டிரைவர் மாட்டிக்கொள்வது கர்னலில் சாதாரணமாக நடப்பது. மூன்று நான்கு பதிவுகளில் அதே பிழைச் செய்தியும் அதே கோப்புப் பெயரும் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு செய்தி, வேறு வேறு கோப்பு என்று சிதறினால், டிரைவரை விட்டுவிட்டு ராமை, அதாவது நினைவகத்தை, சந்தேகியுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓர் இரவு ஓடவிடுங்கள். அது பிழை காட்டினால் உறுதி. காட்டாவிட்டால் ராம் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது முழு உறுதி ஆகாது. செய்தியில் 'வியா' (WHEA) என்று தொடங்கும் பிழை வந்தால் அது வன்பொருள் தானே முறையிட்ட பிழை. பிராசசர், சூடு, மின்வழங்கல் என்ற திசையில்தான் முதலில் தேட வேண்டும். எந்தத் திரையும் காட்டாமல் விளக்கு அணைவதைப் போலக் கணினி நின்றுபோனால், விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 'கர்னல் பவர் 41' என்ற குறிப்பு இருக்கும். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது; காரணத்தைச் சொல்வதில்லை. அதை வைத்து 'பவர் டிரைவரை அப்டேட் செய்யுங்கள்' என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

டிரைவரா வன்பொருளா என்ற ஐயத்தைத் தீர்க்க எங்கள் ஆய்வகத்தில் ஒரு வசதி உண்டு. ஒரே மாதிரியான கணினிகள், ஒரே நாளில் ஒரே பிரதியிலிருந்து ஏற்றப்பட்ட மென்பொருள்கள். எல்லாம் முடங்கினால் டிரைவரையோ அப்டேட்டையோ பார்ப்போம். ஒன்று மட்டும் முடங்கினால் அந்தக் கணினியின் ராமையும் எஸ்எஸ்டி-யையும் கழற்றிப் பார்ப்போம். வீட்டில் அந்த வசதி இல்லை. அதற்கு ஈடாக, உங்கள் கணினியின் மாடல் எண்ணோடு பிழைச் செய்தியைச் சேர்த்து இணையத்தில் தேடுங்கள். அதே மாடல் வைத்திருக்கும் பலர் அதே கோப்புப் பெயரைச் சொல்கிறார்களா என்பது கிட்டத்தட்ட அதே விடையைத் தரும்.

பெயர் கிடைத்துவிட்டது, வைஃபை டிரைவர்தான் என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் மாற்றுங்கள். டிவைஸ் மேனேஜரில் அதன் தற்போதைய பதிப்பு எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் இன்றைய நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் உருவாக்கிவிட்டு, மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் அல்லது சீரியல் எண்ணைக் கொடுத்து, விண்டோஸ் 11-க்கென்று உள்ள டிரைவரை இறக்குங்கள். சிப் தயாரித்தவரின் தளத்தில் அதைவிடப் புதியது இருக்கலாம். ஆனால் மடிக்கணினியில், குறிப்பாக கிராஃபிக்ஸிலும் டச்பேடிலும், தயாரிப்பாளர் தன் மாடலுக்கென்று செய்த திருத்தங்கள் இருக்கக்கூடும் என்பதால் முதல் முயற்சி அங்கிருந்தே தொடங்கட்டும். டிவைஸ் மேனேஜரில் 'அப்டேட் டிரைவர்' என்று கொடுத்தால் 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்று வருவதை நம்பி நின்றுவிடாதீர்கள். அது தன் கைக்கு எட்டியவற்றில் சிறந்தது என்று மட்டுமே சொல்கிறது. விண்டோஸ் அப்டேட்டின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்ற இடத்திலும் சில டிரைவர்கள் காத்திருக்கும். மாற்றிய பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள்; ஷட் டவுன் செய்து திரும்ப இயக்குவது அதற்கு ஈடாகாது. 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கும் கணினிகளில் ஷட் டவுன் என்பது கர்னலை அப்படியே வட்டில் எழுதி உறங்கவைப்பது. மறுநாள் அதே பழைய நிலைதான் எழுந்து வரும். உங்களுக்கு வந்த பிழை மின்நிலை பற்றியது என்பதால், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைச் சில வாரங்கள் அணைத்துவைத்துப் பார்ப்பதையும் பரிந்துரைக்கிறேன். வைஃபை கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதி இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துப் பாருங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்தப் பகுதியே இருக்காது, அது குறையன்று.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்யுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரும் பிழைக்கு அடுத்த மாற்றத்துக்கு முன் இரண்டு வாரமாவது காத்திருங்கள். பதினேழையும் ஒரே மாலையில் மாற்றினால், நின்றுபோனாலும் எதனால் நின்றது என்று தெரியாது. புதிதாக ஒன்று கெட்டால் எதனால் கெட்டது என்றும் தெரியாது. புதியது என்பதற்காகவே நல்லது என்றும் கொள்ள முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு அப்டேட்டைக் கர்னலில் இருந்த அதன் டிரைவர் படித்த மாத்திரத்தில், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் அன்று நின்றது பழைய கோப்பினால் அல்ல; சற்று முன் வந்து இறங்கிய கோப்பினால். புதிய டிரைவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறது. முந்தைய பதிப்பு கணினியில் மிச்சமிருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால்தான் பதிப்பு எண்ணை எழுதிவைக்கச் சொன்னேன். விண்டோஸே திறக்காத நிலை வந்தால், தொடங்கும்போது இரண்டு மூன்று முறை இடைமறித்து அணைத்தால் பழுதுநீக்கத் திரை வரும். அங்கிருந்து, மிக அவசியமான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் திறக்கும் சேஃப் மோடுக்குள் போய் டிரைவரை நீக்கலாம்.

'டிரைவர் வெரிஃபையர்' என்ற கருவியை ஓட்டச் சொல்லி யாராவது எழுதக்கூடும். டிரைவர்களை வேண்டுமென்றே நெருக்கிப் பிழையை வெளிக்கொணரும் கருவி அது. கணினி தொடங்கும்போதே முடங்கி, அதே சுழலில் மாட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. சேஃப் மோடில் போய் அதை அணைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் தொட வேண்டியது. கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை நிரலான பயாஸின் அப்டேட்டும் அப்படித்தான்: தூக்க நிலைச் சிக்கல்களை அது தீர்ப்பது உண்டு, ஆனால் பாதியில் மின்சாரம் போனால் கணினியே எழாமல் போகலாம். பேட்டரி நிறைந்து, சார்ஜரும் செருகியிருக்கும்போது, வேறு வழிகள் தீர்ந்த பிறகு செய்யுங்கள்.

ஃபார்மட்டைப் பற்றி. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஆன்டிவைரஸ் மிச்சம் போன்றவை காரணமாக இருந்தால் ஃபார்மட் அவற்றைத் துடைத்துவிடும், பிரச்சினையும் தீரும். ஆனால் குற்றவாளி வைஃபை டிரைவர் என்றால், ஃபார்மட் முடிந்த அன்றே விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரை மறுபடி ஏற்றிவிடக்கூடும். சில நாள் கழித்து நீங்கள் அதே கடைக்குத் திரும்பப் போவீர்கள். எனவே அதைக் கடைசியில் வையுங்கள். செய்தே தீர வேண்டுமென்றால், உங்கள் கோப்புகளோடு மினிடம்ப் கோப்புறையையும் பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு கொடுங்கள். சந்தா கேட்கும் அப்டேட் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அது தரும் டிரைவர்கள் தயாரிப்பாளரிடம் இலவசமாகக் கிடைப்பவை. தவறான மாடலுக்குரியதை ஏற்றிவிடும் ஆபத்து மட்டும் கூடுதல்.

உங்கள் மாடலுக்கு விண்டோஸ் 11 வைஃபை டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடவே இல்லை என்றால்? விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் பின்னால் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. டிவைஸ் மேனேஜரில் உள் வைஃபையை 'டிசேபிள்' செய்துவிட்டு, விண்டோஸ் 11-ஐ ஆதரிக்கும் ஒரு சிறிய யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகிக்கொள்ளுங்கள். ஆண்டுச் சந்தாவைவிட அது மலிவாகவே முடியும். அதன் பிறகும் அதே நீலத் திரை வந்தால் வைஃபை மீதான என் ஊகம் தவறு என்பது உறுதியாகிவிடும். அப்போது கடைசி மூன்று பதிவுகளின் 'இமேஜ் நேம்' வரிகளையும், கணினியின் மாடல் எண்ணையும், ரிலையபிலிட்டி அட்டவணையில் முதல் சிவப்புக் குறி விழுந்த தேதியையும் இங்கே எழுதுங்கள். அங்கிருந்து தொடர்ந்து பார்க்கலாம்.